குடும்பத்துக்கு ஏற்ற காவல் நாய்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாய் வாங்க நினைக்கும் குடும்பங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பெரும்பாலும் தமிழ்நாட்டுச் சூழலை மனத்தில் வைத்துப் பதில் சொல்லியிருக்கிறேன். தோட்டத்து வீடு, ஊரோரத்துத் தனிவீடு, நகரத்து மாடி வீடு என்று இடம் எதுவாக இருந்தாலும், வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றால் முதலில் யோசிக்க வேண்டியது அவர்களைப் பற்றித்தான். திருடனைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

வீட்டுக்குக் காவலாகவும் இருக்க வேண்டும், பிள்ளைகளிடம் சாதுவாகவும் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே நாயிடம் கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் காவல் என்று எதைச் சொல்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். நூற்றில் தொண்ணூறு வீடுகளுக்குத் தேவை, குரல் கொடுக்கும் நாய். இரவில் மதிலோரம் காலடிச் சத்தம் கேட்டதும் எழுந்து நின்று குரைக்க வேண்டும். வீட்டார் விழித்துக்கொள்ள வேண்டும். வந்தவன் திரும்பிப் போக வேண்டும். இருட்டையும் அமைதியையும் நம்பி வருகிறவனுக்கு அந்தக் குரைப்பே போதும்.

ஆள்மேல் பாய்ந்து கடிக்கும் நாய் வேறு ரகம். காவல் துறையிலும் ராணுவத்திலும் அப்படிப்பட்ட நாய்கள் உண்டு. அவற்றுக்கென்று பயிற்சி பெற்ற ஒருவர் எப்போதும் உடன் இருப்பார். வேலை முடிந்ததும் நாய் கூண்டுக்குப் போய்விடும். உங்கள் வீட்டில் அந்த ஏற்பாடு இல்லை. பால்காரர் வருவார், மின்கணக்கெடுப்பவர் வருவார், பக்கத்து வீட்டுப் பையன் பந்தை எடுக்க மதிலேறிக் குதிப்பான். கடைசியாகச் சொன்ன அந்தப் பையனை நினைத்துக்கொண்டுதான் நாயைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவனைக் கண்டு குரைத்து நிற்கும் நாய் நல்ல காவல் நாய். அவன் தொடையைக் கவ்வும் நாய், திருடனையும் கவ்வக்கூடும் என்பதற்காக வீட்டில் வைத்துக்கொள்ளத் தக்கது ஆகிவிடாது.

எந்த இனம் நல்லது?

எல்லோரும் முதலில் கேட்பது இதுதான் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். இனம் என்பது நாயின் உடற்கட்டையும் உந்துதலையும் ஓரளவு சொல்லும். ஒரு தனி நாயின் குணத்தை அதன் தாய் தந்தையும், முதல் சில மாத வளர்ப்புமே தீர்மானிக்கின்றன. இதை மறக்காமல் மேலே படியுங்கள்.

ராஜபாளையம்: விருதுநகர் மாவட்டத்து ஊரின் பெயரையே தாங்கிய இனம். வெள்ளை உடல், இளஞ்சிவப்பு மூக்கு, நீண்ட கால்கள். ஆண் நாய் தோளுயரம் 65 முதல் 75 சென்டிமீட்டர் வரை வளரும். இந்திய அஞ்சல் துறை 2005 ஜனவரியில் நான்கு இந்திய நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது இதற்கும் ஒன்று கிடைத்தது. காட்டுப்பன்றி வேட்டைக்கு வளர்க்கப்பட்ட பரம்பரை என்பதால் துணிவு உண்டு. வீட்டாரிடம் ஒட்டுதல் அதிகம்; வெளியாரை எளிதில் ஏற்காது. சிறு வயதிலேயே பலரோடு பழக்கிய ராஜபாளையம், ஓட இடமுள்ள வீட்டில் பிள்ளைகளோடு நன்றாகவே இருக்கும். பழக்காமல் கொல்லையில் கட்டிப்போட்டு வளர்த்தால் யாரும் நெருங்க முடியாத நாயாகிவிடும். இந்த இனத்தில் பிறவிச் செவிடு உண்டு. அதைச் சோதிக்கும் முறையைப் பின்னால் சொல்கிறேன்.

கோம்பை: தேனி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துக் கோம்பையைச் சேர்ந்தது. செவலை உடல், கறுத்த வாய், திரண்ட கழுத்து. கூர்மையான அறிவும் பிடிவாதமும் சேர்ந்த நாய். காவலுக்கு இதைவிடச் சிறந்த நாட்டினம் இல்லை என்று தென்மாவட்டத்து விவசாயிகள் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் இதற்கு முன் நாய் வளர்த்தே பழக்கமில்லாத, சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நான் கோம்பையைச் சொல்வதில்லை. இது தோட்டத்துக்கும் கைப்பழக்கம் உள்ளவருக்கும் உரிய நாய்.

சிப்பிப்பாறை, கன்னி: இரண்டும் முயல் வேட்டை நாய்கள். ஒட்டிய வயிறு, கூரிய முகம், கண்ணால் கண்டு விரட்டும் வேகம். வீட்டுக்குள் அமைதியாகப் படுத்திருக்கும். பிள்ளைகளிடம் முரட்டுத்தனம் காட்டுவது குறைவு. சட்டென்று கூச்சப்படும் சுபாவம் உண்டு என்பதால் கத்திக்கொண்டு மேலே விழும் பிள்ளைகளைக் கண்டால் ஒதுங்கிப் போகும். ஒதுங்க இடம் கொடுக்க வேண்டும். கோழி, பூனை வளர்க்கும் வீட்டுக்கு ஒத்துவராது. ஓடுவதைக் கண்டால் கால் நிற்காது.

நாட்டு நாய்: தெருவில் பிறந்த குட்டியைத்தான் சொல்கிறேன். நம் வெயிலுக்குப் பழகிய உடம்பு, எளிய உணவு, கூர்மையான காது, அளவான உடல். அந்நியர் காலடியை அது உணர்வதுபோல விலை கொடுத்து வாங்கிய நாய்கள் பல உணர்வதில்லை. எட்டு வார வயதில் ஒரு நல்ல தாயின் குட்டியை எடுத்து, வீட்டுக்குள் வைத்து வளர்த்தால், பெரும்பாலான குடும்பங்களுக்கு இதுவே சரியான காவல் நாய். காசு கொடுக்கவில்லை என்பதற்காக இதைக் குறைவாக நினைப்பவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

லாப்ரடார்: எல்லோருக்கும் நண்பன். கடிக்காது என்று உறுதி சொல்ல முடியாது, எந்த நாய்க்கும் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் பிள்ளைகளிடம் பொறுமை அதிகம். முப்பது கிலோ உடலும் கனத்த குரைப்பும் கேட்டுக்கு வெளியே நிற்பவனைத் தயங்க வைக்கும். உள்ளே வந்தவனிடம் வாலாட்டவும் கூடும்.

ஜெர்மன் ஷெப்பர்ட்: நேரம் ஒதுக்க முடிந்தவர்களுக்கு நல்ல நாய். சொன்னதைக் கற்றுக்கொள்ளும், வீட்டாரைச் சுற்றியே இருக்கும். இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரக்கூடியது என்பதால் தாய் தந்தை இரண்டுக்கும் எக்ஸ்ரே எடுத்தார்களா என்று கேளுங்கள். சந்தையில் கிடைக்கும் குட்டிகளில் பயந்தாங்கொள்ளிகள் நிறைய. பயந்த பெரிய நாய் ஆபத்தானது.

டாபர்மேன் வெயிலைத் தாங்கும், காவலில் சூரன். தினமும் ஓட்டமும் வேலையும் கேட்கும், இதய நோய் வரும் வாய்ப்பும் உண்டு. ஹஸ்கி, செயின்ட் பெர்னார்டு போன்ற பனிப்பிரதேச நாய்களைச் சமவெளியில் வளர்ப்பது அவற்றுக்குச் செய்யும் கொடுமை. அவை காவலுக்கும் உதவா.

ராட்வைலர், பிட்புல் வாங்கலாமா? தடை என்று கேள்விப்பட்டோமே?

2024 மார்ச் 12 அன்று மத்திய கால்நடை பராமரிப்புத் துறை, ராட்வைலர், பிட்புல், கேன் கோர்சோ, ஃபிலா பிரேசிலெய்ரோ உள்ளிட்ட 23 வகை நாய்களின் இறக்குமதி, இனப்பெருக்கம், விற்பனையைத் தடுக்கும்படி மாநிலங்களுக்குக் கடிதம் அனுப்பியது. சம்பந்தப்பட்ட தரப்பினரைக் கலந்து பேசவில்லை என்ற காரணத்தால் கர்நாடக உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே அதை ரத்து செய்தது. அதன் பிறகும் உள்ளாட்சிகள் தங்கள் அளவில் கட்டுப்பாடுகளைக் கொண்டுவருகின்றன. வாங்கும் முன் உங்கள் மாநகராட்சியிலோ நகராட்சியிலோ நேரில் விசாரியுங்கள்.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் இரண்டு ராட்வைலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் குதறிய செய்தியைத் தமிழ்நாடே படித்தது. நல்ல ராட்வைலர் உண்டு. பொறுப்பான கையில் வளர்ந்து, பிள்ளைகளின் காலடியில் படுத்துக் கிடக்கும் நாய்களும் உண்டு. ஆனால் கணக்குப் போட வேண்டியது நாய் தவறு செய்யும் அந்த ஒரு நாளுக்காக. எட்டு கிலோ நாய் தவறினால் தையல் போட நேரும். ஐம்பது கிலோ நாய் தவறினால் பிள்ளையின் உயிர் போகும். அந்த எடையை வாரில் பிடித்து நிறுத்த உங்கள் வீட்டில் எத்தனை பேரால் முடியும்? உங்களால் மட்டும்தான் முடியும் என்றால், நீங்கள் வேலைக்குப் போன பிறகு வீட்டில் அந்த நாய்க்குப் பொறுப்பாளர் யாரும் இல்லை. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு, முதல் நாயாக, இவை வேண்டாம்.

குட்டி வாங்குவதா, வளர்ந்த நாயை எடுப்பதா?

குட்டி என்றால் உங்கள் விருப்பப்படி பழக்கலாம். ஆனால் அது எப்படி வளரும் என்பது ஊகம்தான். ஏழு எட்டு வாரக் குட்டிகளுக்குச் செய்யும் குணச் சோதனைகள் வளர்ந்த பிறகான குணத்தை நம்பகமாகச் சொல்வதில்லை. இரண்டு, மூன்று வயது நாயிடம் குணம் கண்ணுக்குத் தெரியும். பிள்ளைகளோடு ஏற்கெனவே வாழ்ந்த நாய், உரிமையாளர் வெளியூர் போவதால் கைமாறுகிறது என்றால், அது அருமையான வாய்ப்பு. ஒரு முறை பார்த்து முடிவு செய்யாமல் வெவ்வேறு வேளைகளில் போய்ப் பாருங்கள். உங்கள் பிள்ளைகளோடும் பாருங்கள். கைமாற்றுவதற்கான உண்மைக் காரணத்தை உரிமையாளரிடம் மட்டும் கேட்டால் போதாது, அக்கம்பக்கத்திலும் கேளுங்கள்.

குட்டியைப் பார்க்கப் போகும்போது எதையெல்லாம் கவனிப்பது?

தாயைப் பாருங்கள். குட்டியின் அழகில் கண் போவதற்கு முன் தாயைப் பார்த்துவிட வேண்டும். வளர்ப்பவர் உடன் இருக்கும்போது தாய் உங்களை எப்படி எதிர்கொள்கிறது? முதலில் இரண்டு குரைப்பு, எஜமானர் பேசியதும் அடங்கி வந்து உங்கள் கையை முகர்ந்து பார்த்தல்: இது நல்ல தாய். மூலைக்குள் ஒடுங்கி, உடம்பு நடுங்க, பல்லைக் காட்டிக்கொண்டே இருந்தால் அங்கிருந்து குட்டி எடுக்காதீர்கள். குட்டி ஈன்ற தாய்க்கு இயல்பாகவே சற்றுச் சினம் இருக்கும். அதையும் அச்சத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். குட்டிகளை வேறிடத்துக்கு எடுத்துப் போன பிறகும் தாய் நடுங்குகிறதா என்று பார்த்தால் புரிந்துவிடும். தாயைக் காட்ட மாட்டோம், வழியில் ஓரிடத்துக்கு வாருங்கள், குட்டியைக் கொண்டுவந்து தருகிறோம் என்பவர்களிடம் பணம் கொடுக்கவே கூடாது.

பிறகு குட்டிகள். ஒரே ஈற்றுக் குட்டிகளில் முதலில் ஓடி வந்து உங்கள் காலணியைக் கடித்து இழுக்கும் குட்டியைத்தான் பலரும் தூக்கிக்கொள்கிறார்கள். மூலையில் ஒதுங்கியதைப் பார்த்து இரக்கப்பட்டு எடுப்பவர்களும் உண்டு. பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இரண்டும் வேண்டாம். சற்று நின்று பார்த்துவிட்டு, யோசித்து வந்து முகரும் நடுத்தரக் குட்டியே ஏற்றது. கையில் மெல்லத் தூக்கி மல்லாத்திப் பிடியுங்கள். கொஞ்சம் திமிறிவிட்டு அடங்க வேண்டும். ஒரு எவர்சில்வர் தட்டைத் தரையில் போடச் சொல்லுங்கள். எல்லாக் குட்டிகளும் திடுக்கிடும். சில நொடிகளில் திரும்பி வந்து அந்தத் தட்டை முகரும் குட்டிக்கு மன உறுதி இருக்கிறது. இவையெல்லாம் அன்றைய நிலையைத்தான் காட்டும். நாளைய குணத்துக்கு உத்தரவாதம் ஆகா. ஆனாலும் பார்த்தே ஆக வேண்டும்.

ராஜபாளையம் போன்ற வெள்ளை நாய் என்றால் காதுச் சோதனை கட்டாயம். குட்டியை மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்து, அது வேறு பக்கம் பார்க்கும்போது பின்னால் சற்றுத் தள்ளி நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். கை தட்டினால் காற்றசைவு மேலே படும், நிழல் விழும், அதை வைத்துத் திரும்பிவிடும். சாவிக்கொத்து அப்படி ஏமாற்றாது. காது அசைகிறதா, தலை திரும்புகிறதா? தூங்கும்போதும் ஒரு முறை செய்து பாருங்கள். செவிட்டு நாய் காவலுக்கு உதவாது என்பது இருக்கட்டும். பின்னாலிருந்து பிள்ளை தொட்டதும் அதிர்ந்து கடிக்கும் அபாயம்தான் பெரிது. சில நாய்களுக்கு ஒரு காது மட்டும் கேட்காது, வீட்டுச் சோதனையில் அது தெரியாது. ஐயம் இருந்தால் வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு போன்ற கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் கேட்டுப் பாருங்கள்.

நாய் இனப்பெருக்கத்துக்கான 2017ஆம் ஆண்டு விதிகளின்படி, வளர்த்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. முப்பது நாள் குட்டியை எடுத்துச் செல்லுங்கள் என்பவர் சட்டத்தை மீறுகிறார். தாயிடமும் கூடப் பிறந்தவற்றிடமும் விளையாடித்தான், எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்கிறது. அந்தப் பாடத்தைப் பாதியில் நிறுத்தினால் பிறகு உங்கள் பிள்ளைகளின் கையில்தான் அது கற்கும். நாயினங்களைப் பதிவு செய்யும் அமைப்பான கென்னல் கிளப் தரும் சான்றிதழ் நாயின் வம்சத்தைச் சொல்லும், குணத்தைச் சொல்லாது.

கடுவனா, பெட்டையா?

பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நான் பெட்டையைத்தான் சொல்வேன். உடல் சற்றுச் சிறியது, ஊர் சுற்றுவது குறைவு, காவலில் எந்தக் குறையும் இல்லை. பெட்டை என்றால் குட்டி போடுமே என்று தயங்குகிறவர்கள் கருத்தடை செய்துவிடலாம். கடுவனுக்கும் கருத்தடை நல்லது. அலைச்சலும் பிற நாய்களோடு சண்டையும் குறையும். அச்சத்தால் கடிக்கும் நாயை அது மாற்றாது. பெரிய இனங்களுக்கு எந்த வயதில் செய்வது என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

எல்லோரிடமும் பழக விட்டால் காவல் புத்தி கெட்டுவிடாதா?

கெடாது. இந்த நம்பிக்கை பல நாய்களையும் பல பிள்ளைகளையும் காயப்படுத்தியிருக்கிறது. குட்டிக்கு மூன்றாவது வாரம் முதல் ஏறத்தாழ பதினான்காவது வாரம் வரை ஒரு பருவம் உண்டு. அந்தச் சமயத்தில் அது எதையெல்லாம் அச்சமின்றிக் காண்கிறதோ அதையெல்லாம் வாழ்நாள் முழுவதும் இயல்பாக எடுத்துக்கொள்ளும். குடை பிடித்தவர், கைத்தடி ஊன்றிய தாத்தா, ஹெல்மெட் போட்டவர், பர்தா அணிந்தவர், தத்தி நடக்கும் குழந்தை, சைக்கிள், மேளச் சத்தம் எல்லாம் அதில் அடங்கும். குட்டியை யாரிடமும் காட்டாமல் வளர்த்தால் அதற்கு எல்லோரும் பூதமாகத் தெரிவார்கள். அப்படி வளர்ந்த நாய் திருடனுக்கும் பேத்திக்கும் வேறுபாடு காணாது.

நன்றாகப் பழகிய நாய்க்குத்தான் எது வழக்கம், எது வழக்கத்துக்கு மாறானது என்று தெரியும். பகலில் வாசல் வழியாக வந்து வீட்டாரோடு பேசுகிறவரிடம் அமைதியாக இருக்கும் அதே நாய், நள்ளிரவில் கொல்லைப்புறச் சத்தத்துக்கு எகிறிக் குரைக்கும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தடுப்பூசித் தவணைகள் முடியும் முன் குட்டியைத் தெருவில் இறக்கினால், குட்டிகளின் உயிரைப் பறிக்கக்கூடிய பார்வோ என்ற வைரஸ் நோய் தொற்றலாம். அதற்காகப் பழக்கத்தைத் தள்ளிப்போடக் கூடாது. தூக்கிக்கொண்டு போங்கள். கடைவாசலில் மடியில் வைத்துக்கொண்டு கால்மணி நேரம் உட்காருங்கள். தடுப்பூசி போட்ட நாய் உள்ள நண்பர் வீட்டுக்கு அழைத்துப் போங்கள்.

பகலெல்லாம் கட்டிப்போட்டு இரவில் அவிழ்த்துவிட்டால் நல்ல காவல் நாயாகும் என்கிறார்களே?

கட்டிக்கிடக்கும் நாய்க்கு விலகி ஓட வழி இல்லை. எதைக் கண்டு பயந்தாலும் அதற்குத் தெரிந்த ஒரே வழி பாய்வதுதான். நாள்தோறும் பாய்ந்து பாய்ந்து அதுவே பழக்கமாகிறது. சங்கிலி எட்டும் தூரத்துக்குள் தெரியாமல் நடந்து போகும் குழந்தைதான் பெரும்பாலும் கடிபடுகிறது. வீட்டாரோடு வாழாத நாய்க்கு வீட்டாரைக் காக்கவும் தோன்றாது. அது தன் கட்டுத்தறியை மட்டும் காக்கும். வீட்டுக்குள்ளும் முற்றத்திலும் நடமாடும் நாய்தான் குடும்பத்தைத் தன் கூட்டமாக எண்ணும். கட்டாயம் அடைக்க வேண்டிய நேரங்களுக்கு நிழலும் தண்ணீரும் உள்ள, நாய் நிமிர்ந்து நடக்கக்கூடிய அடைப்பு ஒன்று கட்டிக்கொள்ளுங்கள். சங்கிலி வேண்டாம்.

கடிக்கப் பயிற்சி கொடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அனுப்பலாமா?

வேண்டாம். சாக்குப்பையைக் கையில் சுற்றிக்கொண்டு குட்டியைச் சீண்டி வெறியேற்றும் ஆட்களை நம்பி நாயை ஒப்படைக்காதீர்கள். கடிக்கச் சொல்லித் தரும்போதே விடச் சொல்லியும் தர வேண்டும். அதற்கு ஆண்டுக்கணக்கில் தொடர்ந்த உழைப்பும் அனுபவமும் வேண்டும். நீங்கள் பணம் செலவழிக்க வேண்டிய பயிற்சி வேறு: கூப்பிட்டால் வருவது, உட்கார் என்றால் உட்காருவது, வாயில் உள்ளதை விடு என்றால் விடுவது, தன் பாயில் போய்ப் படுப்பது. தின்பண்டமும் பாராட்டும் கொடுத்துச் சொல்லித் தருபவரைத் தேடுங்கள். அடித்துப் பழக்கிய நாய் அடிக்கும் கைக்கு மட்டும் பணியும்; உங்கள் ஆறு வயதுப் பிள்ளையின் கைக்குப் பணியாது.

எங்கள் நாய் பிள்ளையைப் பார்த்து உறுமுகிறது. அடித்துத் திருத்துவதா?

உறுமல் ஒரு எச்சரிக்கை. அதை அடித்து நிறுத்தினால் அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் கடிக்கும். உறுமிய உடனே பிள்ளையை அமைதியாக அங்கிருந்து விலக்குங்கள். பிறகு, எந்தச் சூழலில் உறுமியது என்று பாருங்கள். நாயின் சோற்றுத் தட்டருகே பிள்ளை போனதா? தூங்கியபோது மேலே விழுந்ததா? கட்டிலுக்கடியில் முடங்கியதைக் கையை விட்டு இழுத்ததா? காதைத் தொட்டதும் உறுமினால் காதுக்குள் புண்ணோ உண்ணியோ இருக்கலாம். இதுவரை சாதுவாக இருந்த நாய் திடீரென்று சினந்தால் முதலில் போக வேண்டிய இடம் கால்நடை மருத்துவமனை.

உறுமலுக்கு முன்பே நாய் பல விதமாகச் சொல்லிவிடுகிறது. உங்கள் பிள்ளை நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருக்கும்போது நாயின் முகத்தைப் பாருங்கள். தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி, பசி இல்லாத நேரத்தில் மூக்கை நக்குதல், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கடைக்கண்ணால் பார்த்தல், அப்போது விழியின் வெண்மை பிறை போலத் தெரிதல். கடைசியாக, அதுவரை அசைந்துகொண்டிருந்த உடம்பு அப்படியே விறைத்து நிற்பது. அந்த விறைப்புக்கும் கடிக்கும் இடையே ஒரு நொடி கூட இருக்காது. செல்பேசியில் படமெடுக்க ஓடுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. வாலாட்டுகிறதே என்று சமாதானம் கொள்ளவும் கூடாது. விறைத்த உடம்போடு உயர்த்திய வால் விறுவிறுவென்று ஆடினால் அது நட்பின் அறிகுறி அன்று.

கைக்குழந்தை இருக்கிறது, அல்லது வரப்போகிறது. என்ன செய்வது?

குழந்தை வரும் முன்பே வீட்டு நடைமுறையை மாற்றிவிடுங்கள். நாய் படுக்கும் இடம், உலாவப் போகும் நேரம் எல்லாம் இரண்டு மாதம் முன்னதாகவே புதிய வழக்கத்துக்கு வந்துவிட வேண்டும். தொட்டில் உள்ள அறைக்கு இடுப்புயரக் கதவு ஒன்று போடுங்கள். குழந்தை வந்த பிறகு நாயைக் கொல்லையில் தள்ளாதீர்கள். குழந்தை அருகில் இருக்கும்போது நாய்க்கும் ஒரு துண்டு இட்லியோ அன்பான சொல்லோ கிடைக்கட்டும்.

எந்த நாயையும், எவ்வளவு நம்பிக்கைக்குரியதாக இருந்தாலும், சிறு குழந்தையோடு ஒரு நிமிடம்கூடத் தனியே விடக் கூடாது. பெரியவர் அறையில் இருந்தால் போதாது. பார்த்துக்கொண்டும் இருக்க வேண்டும். சிறு பிள்ளைகளின் முகம் நாயின் வாய் உயரத்தில் இருப்பதால் கடி பெரும்பாலும் முகத்திலும் தலையிலும் விழுகிறது. தவழத் தொடங்கும் பருவமே மிக ஆபத்தானது: தூளியில் கிடந்த குழந்தை திடீரென்று நாயின் தட்டை நோக்கி வருகிறது.

பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டியவை சில. உண்ணும் நாயையும் உறங்கும் நாயையும் தொடக் கூடாது. கட்டிப்பிடிக்கக் கூடாது. நாய் துரத்தினால் ஓடாமல், கைகளை உடம்போடு ஒட்டி, தரையைப் பார்த்து, மரம் போல நிற்க வேண்டும். இதை விளையாட்டாகவே வீட்டில் பழக்கிவிடலாம்.

விருந்தாளிகளும் வேலை செய்பவர்களும் வந்து போகும் வீடு. எப்படிச் சமாளிப்பது?

வீட்டு வேலைக்கு வருகிறவரை முதல் வாரம் நீங்களே உடனிருந்து நாயிடம் பழக்குங்கள். அவர் பயப்படுகிறார் என்றால் அவர் வரும் நேரத்தில் நாயை அடைத்து வைப்பது உங்கள் கடமை. அவரது பயத்தைப் பார்த்துச் சிரிப்பது அநியாயம். பொங்கல், தீபாவளி, கோடை விடுமுறைக்கு உறவுப் பிள்ளைகள் கூடும்போது நாயைத் தனியறையில் எலும்புத் துண்டோடு விட்டுவிடுங்கள். உங்கள் பிள்ளையோடு உறவுப் பையன் மல்லுக்கட்டி உருளும்போது, உங்கள் பிள்ளையைக் காப்பாற்றுவதாக எண்ணி நாய் குறுக்கே பாயலாம். சமைத்த கோழி எலும்பு மட்டும் வேண்டாம், சிதறித் தொண்டையில் குத்தும்.

கேட் தானாக மூடிக்கொள்ளும்படி இருக்கட்டும். உட்பக்கக் கொண்டி பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். நாய் இருக்கிறது என்ற பலகையைத் தமிழில் பெரிதாக எழுதி மாட்டுங்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் காவல் நாய் வளர்க்கலாமா?

அங்கே காவல் வேலை அநேகமாக இல்லை. நல்ல பூட்டும் கதவுக் கண்ணாடித் துளையும் போதும். நாய் வேண்டும் என்றால் துணைக்காக வளருங்கள். லிப்ட் என்பது நாய்க்கு ஒதுங்க இடமில்லாத சிறு பெட்டி. அங்கே கழுத்துவார் குட்டையாகக் கையில் இருக்க வேண்டும். பெரிய நாய்க்கு வாய்க்கூடும் வேண்டும். மூச்சு வாங்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் விடும் கூடை வடிவத்தையே வாங்குங்கள். நம் வெயிலில் வாயை இறுகக் கட்டும் துணிப்பட்டை நாயை மூச்சுத் திணற வைக்கும்.

தடுப்பூசி, உரிமம், சட்டப் பொறுப்பு?

வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாத வயதில் முதல் முறை, பிறகு மருத்துவர் சொல்லும் தவணையில், பெரும்பாலும் ஆண்டுதோறும். உலக வெறிநோய் தினமான செப்டம்பர் 28ஐ ஒட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவச முகாம்கள் நடக்கும். சென்னையில் வளர்ப்பு நாய்க்கு மாநகராட்சி உரிமம் கட்டாயம். மற்ற ஊர்களில் உள்ளாட்சி அலுவலகத்தில் கேளுங்கள். உங்கள் நாயால் பிறருக்கு ஆபத்து நேராதபடி பார்த்துக்கொள்ளத் தவறினால், பாரதிய நியாய சன்ஹிதா 291ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மருத்துவச் செலவுக்கும் இழப்பீட்டுக்கும் தனியே வழக்கு வரலாம்.

கடித்தே விட்டது. உடனே என்ன செய்வது?

காயத்தைக் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதையும் வைக்காதீர்கள். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் மருந்தும் காயத்தைச் சுற்றிப் போட வேண்டும். மருத்துவர் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். வெறிநோய் அறிகுறி தோன்றிய பிறகு பிழைப்பது அநேகமாக இல்லை. நம் வீட்டு நாய்தானே, ஊசி போட்டிருக்கிறோமே என்று தவணையைத் தவிர்க்காதீர்கள். அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர்.

நாயைப் பத்து நாள் அடைத்து வைத்துக் கவனிக்க வேண்டும். அடிக்கவோ தெருவில் விரட்டவோ கூடாது. விரட்டிவிட்டால் கவனிக்க நாய் இருக்காது.

எந்த வீட்டுக்கு நாயே வேண்டாம் என்பீர்கள்?

நாளுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்க யாரும் இல்லாத வீடு. வாடகைக்கு அடிக்கடி மாறும் வீடு. வீட்டில் ஒருவருக்கு ஆசை, மற்றவர்களுக்கு வெறுப்பு என்றிருக்கும் வீடு. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையும், ஓய்வின்றி ஓடும் தாயும் மட்டும் பகலில் இருக்கும் வீடு. இவர்கள் மூன்று, நான்கு ஆண்டு பொறுத்து வாங்கலாம். காவல் மட்டும்தான் தேவை, நாயிடம் ஆசை இல்லை என்றால் மதிலோரம் ஆள் நடமாட்டத்தை உணர்ந்து எரியும் விளக்கும், கேமராவும், உறுதியான தாழ்ப்பாளும் போடுங்கள். மொத்தத்தில் செலவும் குறைவு.

வயதான நாயைப் பற்றி யாரும் சொல்வதில்லையே?

எட்டு வயதுக்கு மேல் பெரிய நாய்களுக்குக் காது மந்தமாகும், கண்ணில் புரை விழும், மூட்டு வலிக்கும். அருகில் வருவது தெரியாமல் திடுக்கிட்டும், வலித்த இடத்தைத் தொட்டதாலும் கடிக்கும். பத்து ஆண்டு சாதுவாக இருந்த நாய்தான் என்ற நம்பிக்கையில் பேரப்பிள்ளைகளை அதன்மேல் சாய விடாதீர்கள். பிள்ளைகள் ஓடாத மூலையில் மெத்தையான படுக்கை போடுங்கள். எழுப்பும் முன் தரையை இரண்டு முறை தட்டுங்கள். அந்த அதிர்வு அதற்குத் தெரியும். மூட்டு வலிக்கு மருந்து உண்டு. மனிதருக்கான வலிமாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், நாயின் உயிரையே பறிக்கக்கூடியவை அவற்றில் இருக்கின்றன.